களையைப் பிடுங்குவதா, மூடுவதா, மருந்தடிப்பதா?

தோட்டத்தில் களை மண்டிவிட்டது என்று சொல்பவர்கள் அடுத்த வார்த்தையிலேயே "என்ன அடிக்கலாம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் ஒரு செடியையாவது வேரோடு தோண்டி எடுத்துப் பார்த்தீர்களா? மேலே பார்க்க ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு களைகளில் ஒன்று ஒரே இழுப்பில் முடிந்துபோகும், இன்னொன்று இழுக்க இழுக்கப் பெருகும். எந்த முறை நல்லது என்ற கேள்விக்கு விடை மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கையால் பிடுங்குவது, மூடாக்கு போடுவது (சருகு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடுவது), பாலித்தீன் விரிப்பது, வினிகர் தெளிப்பது, களைக்கொல்லி அடிப்பது என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு வருடம் ஓடிவிடும், களை அப்படியே இருக்கும். எனக்கு அப்படித்தான் ஓடியது, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு இது புரிந்தது ஒரு கோரையால். ஒரு சாண் உயரம்தான் இருக்கும், பாத்தியின் ஓரத்தில் தனியாக நின்றது. அதற்கு முன் பத்து தடவையாவது அதே இடத்தில் பிடுங்கியிருப்பேன், ஒவ்வொரு முறையும் "டக்" என்று அறுந்து கையோடு வந்துவிடும், ஒரு வாரத்தில் மறுபடி நிற்கும். அன்றைக்கு இழுக்காமல், சுற்றிலும் ஒரு முழம் விட்டு கார்டன் ஃபோர்க்கை (முள்முள்ளாக இருக்கும் மண் கிளறும் கருவி) குத்தி மண்ணோடு நெம்பித் தூக்கி, மண்ணை விரலால் உதிர்த்துப் பார்த்தேன். தண்டுக்கு நேர் கீழே பருத்த ஒரு அடிப்பகுதி. அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு பழுப்பு இழை பக்கவாட்டில் ஓடி, ஒரு விரல் தூரத்தில் ஒரு கிழங்கு: கருப்பாக, வரிவரியாக, நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, மூக்கைத் துளைக்கும் வாசனையோடு. அதிலிருந்து மறுபடி இழை, மறுபடி கிழங்கு. அந்த ஒரே இலைக்கொத்தின் கீழ் ஏழு எண்ணினேன், அதில் ஐந்தில் முளையே இல்லை. அவை உறங்கிக்கொண்டிருந்தன. சங்கிலி அறுபடாதவரை நுனியில் இருக்கும் கிழங்கு மற்றவற்றை அடக்கியே வைத்திருக்கும், நாம் கொத்திச் சங்கிலியை வெட்டியதும் ஒவ்வொன்றும் தனியாக விழித்துக்கொண்டு முளைவிடும். நான் பத்து தடவை இழுத்ததெல்லாம் அதற்கு வேலை கொடுத்ததுதான் போலிருக்கிறது.

சரி, அப்படிப் பார்த்தால் களைகள் ஏறக்குறைய நான்கு விதமாகப் பிரியும். ஒற்றை வேரில் நின்று, பூத்து, விதை கொட்டிவிட்டுச் சாகிறவை: குப்பைமேனி, பார்த்தீனியம், தானாக முளைக்கும் கீரை இனங்கள். மண்ணுக்குள் கிழங்காலும் ஓடுதண்டாலும் பரவுகிறவை: கோரை, அருகம்புல். துண்டு துண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் வேர் பிடிக்கிறவை: பருப்புக்கீரை, படரும் புளியாரை. கடைசியாக மரத்தன்மை கொண்ட புதர்கள்: உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் போல, வெட்டிய இடத்திலிருந்து நான்காகத் தழைப்பவை. கீழே நான் ஒப்பிடும் எல்லா முறைகளையும் இந்த நான்கில் எது உங்களிடம் இருக்கிறது என்பதோடு சேர்த்தே படியுங்கள்.

கையும் களைக்கொத்தும்

முதல் விதத்துக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை, ஆனால் எப்போது செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் களை முழங்கால் உயரம் வந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து பிடுங்குகிறார்கள், முதுகு போய்விடுகிறது, அதோடு அடுத்த இரண்டு மாதம் தோட்டப்பக்கமே போவதில்லை. இதையே விதை முளைத்து, மேலே இரண்டு இலைகூட விரியாமல் வெள்ளை நூல் மாதிரி வேர் மட்டும் விட்டிருக்கும் நேரத்தில் செய்தால், களைக்கொத்தை மண்ணின் மேல்தோலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஓட்டினால் போதும். வெயிலடிக்கும் காலையில், மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள், மதியத்துக்குள் அத்தனையும் வதங்கிவிடும். ஒரு பாத்திக்குக் கால்மணி நேரம்கூட ஆகாது. ஈரத்தில் கொத்தினால் பாதிச் செடி படுத்த இடத்திலேயே வேர்விட்டு எழுந்துவிடும், பருப்புக்கீரை இதில் தேர்ந்தது, அதைக் கொத்திப் போட்டால் மட்டும் போதாது, பொறுக்கி வெளியே எடுத்தே ஆகவேண்டும்.

ஆழமாகக் கொத்தாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நன்றாக ஆழக் கொத்திக் கிளறினால்தான் வேலை செய்த திருப்தி என்று பலருக்கு இருக்கிறது. மண்ணுக்குள் ஆழத்தில் ஏராளமான களை விதைகள் வெளிச்சம் படாமல் காத்துக்கொண்டிருக்கின்றன. அவை எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்லலாம். 1879ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 20 பாட்டில்களில் களை விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார், குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தோண்டி விதைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2021ல், அதாவது 142 ஆண்டுகள் கழித்து எடுத்த பாட்டிலிலிருந்தும் சில விதைகள் முளைத்தன. எல்லாக் களை விதையும் அவ்வளவு நாள் தாங்காது, பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே வீணாகிவிடும். ஆனாலும் நீங்கள் ஒவ்வொரு முறை ஆழக் கிளறும்போதும் அந்தக் கிடங்கிலிருந்து ஒரு பங்கை மேலே கொண்டுவந்து வெளிச்சம் காட்டுகிறீர்கள்.

இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். புதிதாக ஒரு பாத்தி போடும்போது, மண்ணைத் தயார் செய்து, தண்ணீர் விட்டு, எதையும் விதைக்காமல் பத்துப் பதினைந்து நாள் சும்மா விடுங்கள். மேல்மண்ணில் இருக்கும் களை விதைகள் கும்பலாக முளைத்து வரும். அவற்றை மண்ணைப் புரட்டாமல் மேலோட்டமாகச் சீவித் தள்ளிவிட்டு, அப்புறம் விதைப்பு. முடிந்தால் இதை இரண்டு முறை செய்யுங்கள். ஒரு பைசா செலவில்லாத முறை, பொறுமை மட்டும்தான் வேண்டும், ஆனால் விதைக்கிற அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கையால் பிடுங்குவது எங்கே தோற்கும் என்றால், மேலே சொன்ன கோரையிலும் அருகம்புல்லிலும். அங்கே கொத்துவது வெட்டிப் பதியம் போடுவது மாதிரி.

மூடாக்கு

செடிகள் நிற்கும் பாத்திக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யாராவது ஒரே ஒரு பதில் கேட்டால் நான் மூடாக்கைத்தான் சொல்வேன். சருகு, வைக்கோல், மரச்சீவல், வெட்டிய புல் என்று கையில் எது கிடைக்கிறதோ அதை ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டால், வெளிச்சம் இல்லாமல் புது விதை முளைப்பது வெகுவாகக் குறைந்துவிடும், தப்பி வருவதும் இளைத்துப்போய் வருவதால் இரண்டு விரலால் உருவி எடுத்துவிடலாம். ஈரம் காக்கும், மண்புழு சேரும், மண் இறுகாது. இவ்வளவு லாபத்தையும் சேர்த்துத் தருகிற இன்னொரு களைமுறை இல்லை.

ஆனால் இரண்டு விரல்கடை கனத்துக்கு ஒப்புக்குத் தூவிவிட்டு மூடாக்கு வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள், அது களை விதைக்குப் போர்வை போத்திவிட்ட மாதிரிதான் ஆகும். செடியின் தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் விட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அடித்தண்டு அழுகும். கதிர் முற்றி விதையோடு காய்ந்த புல்லைக் கொண்டுவந்து போட்டால் நீங்களே களை விதைத்ததாகிவிடும். நத்தையும் கரையானும் உள்ள இடத்தில் கொஞ்சம் கவனம் தேவை. பச்சை மரச்சீவல் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மண்ணோடு கலந்தால்தான் அது பெரிய பிரச்சினை, மேலே பரப்பினால் தொடுகிற மேல்தோலில் மட்டும்தான் அந்த விளைவு இருக்கும்.

ஏற்கெனவே களை மண்டிய இடம் என்றால் மூடாக்குக்கு அடியில் அட்டைப்பெட்டி விரிப்பது நல்ல யோசனை. டேப்பையும் பின்னையும் பிய்த்து எறிந்துவிட்டு, பளபளப்புப் பூச்சில்லாத பழுப்பு அட்டையை ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்து, அதன்மேல் சருகோ மரச்சீவலோ போட வேண்டும். விளிம்பு சேரும் இடத்தில் சிக்கனம் பிடித்தால் சரியாக அந்த இடுக்கில்தான் புல் எட்டிப்பார்க்கும். சில மாதங்களில் அட்டை மக்கிவிடும், அதற்குள் கீழே இருந்த சாதாரணக் களை செத்திருக்கும். அருகம்புல்லுக்கு இது பாதி மருந்துதான், ஓரத்தைத் தேடி ஓடி வெளியே வரும், அதனால் ஓரத்தில் ஒரு அடி அகலத்துக்குக் கண்காணிப்பு வேண்டும். கோரைக்கு இது மருந்தே இல்லை. அதன் ஊசிமுனை அட்டையைத் துளைக்கும், மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டையே துளைத்துக்கொண்டு வரும்.

பாலித்தீன், கருப்பா தெளிவானதா?

இதில் குழப்பம் அதிகம். தெளிவான பாலித்தீன், கருப்பு ஷீட், நெய்த களைத் துணி மூன்றும் மூன்று வேறு வேலைகள்.

தெளிவான பாலித்தீன் வெயிலை உள்ளே விட்டு மண்ணைச் சூடேற்றுகிறது. 1976ல் இஸ்ரேலில் யாக்கோவ் கட்டான் குழுவினர் மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளை ஒழிக்க இந்த முறையை வெளியிட்டார்கள், களை விதைகளும் சாகின்றன என்பது அதோடு சேர்ந்து கிடைத்த பெரிய பலன். செய்முறை எளிது: மண்ணைச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, மெல்லிய தெளிவான ஷீட்டை மண்ணோடு ஒட்டும்படி இழுத்து விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணுக்குள் புதைத்து மூடி, வருடத்தின் உச்ச வெயில் காலத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் அப்படியே விட வேண்டும். நல்ல வெயிலில் மேல் ஐந்து சென்டிமீட்டர் மண் 50 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். ஈரம் இல்லாமல் செய்தால் பலன் பாதிதான், ஏனென்றால் ஈர மண்தான் சூட்டை ஆழத்துக்குக் கடத்தும், நனைந்த விதைதான் சூட்டுக்குச் சாகும். ஷீட்டை எடுத்தபின் மண்ணைக் கிளறக் கூடாது, கிளறினால் அடியில் சூடுபடாத விதையை நீங்களே மேலே கொண்டுவந்துவிடுவீர்கள். நிழல் விழும் தோட்டத்திலும் மேகமூட்டமான காலத்திலும் இது வேண்டாத வேலை. சொல்லப்போனால் இளஞ்சூடும் ஈரமும் சேர்ந்து களை செழிக்கும்.

கருப்பு ஷீட் வெளிச்சத்தை அடைத்துப் பட்டினி போடும் முறை. வெயில் குறைவான இடத்திலும் வேலை செய்யும், ஆனால் வாரக் கணக்கு போதாது, மாதக் கணக்கு வேண்டும். காலியாக விட முடிந்த இடத்துக்குச் சரி.

நெய்த களைத் துணியை வீட்டுத் தோட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வருடம் பிரமாதமாக இருக்கும். அப்புறம் அதன்மேல் தூசியும் சருகும் மக்கி ஒரு விரல் கனம் மண் சேரும், அந்த மண்ணில் புது விதை முளைத்து வேரைத் துணியின் கண்களுக்குள் விட்டுப் பின்னிக்கொள்ளும். அதைப் பிடுங்கவும் முடியாது, துணியை உருவவும் முடியாது. ஒருமுறை ஒரு ரோஜாப் பாத்தியில் நாலு வருடம் கழித்து அதைக் கிழித்துக் கிழித்து எடுக்க எனக்கு மூன்று நாள் ஆனது, இன்றைக்கும் அங்கே கொத்தினால் கருப்பு நூல் வருகிறது. ஜல்லி போட்ட நடைபாதைக்கு அடியில் வேண்டுமானால் போடலாம். செடி நடும் மண்ணில் வேண்டாம்.

வினிகர், உப்பு, கொதிநீர், நெருப்பு

வினிகர், உப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் மூன்றையும் கலந்து தெளித்தால் களை போகும் என்ற குறிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தெளித்த மறுநாளே இலை கருகும், அதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடும். வினிகர் பட்ட இடத்தை மட்டும் சுடும், வேருக்குப் போகாது. சமையல் வினிகரில் அசெட்டிக் அமிலம் சுமார் ஐந்து சதவீதம்தான், இளம் முளைக்கு அது போதும், கொஞ்சம் முற்றிய செடி பத்து நாளில் அடியிலிருந்து தழைத்துவிடும். இருபது சதவீத வினிகர் தீவிரமானது, கண்ணில் பட்டால் நிரந்தரக் கேடு வரும், தோலைச் சுடும். இயற்கையானது என்ற பெயரால் அதைக் கையுறை, கண்ணாடி இல்லாமல் கையாள்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

உப்பை எந்தக் காரணத்துக்காகவும் மண்ணில் போடாதீர்கள். களை செத்தபிறகு உப்பு எங்கேயும் மறைவதில்லை, மழை அதைக் கரைத்துப் பக்கத்துச் செடியின் வேருக்குக் கொண்டுபோகும், களிமண் என்றால் சோடியம் மண்ணின் கட்டமைப்பையே குலைத்து நீர் இறங்காமல் இறுகச் செய்துவிடும்.

நடைபாதைக் கல் இடுக்குகளுக்குக் கொதிநீர் அருமையான வழி. நேராக அடித்தண்டில் ஊற்றினால் இளம் களை அன்றே வதங்கும், கிழங்குள்ளவை இரண்டு மூன்று முறை கேட்கும். பாத்தியில் ஊற்றாதீர்கள், மண்புழுவும் நல்ல வேரும் சேர்ந்து வெந்துபோகும். நெருப்புக் குழல் வைத்திருப்பவர்கள் செடியை எரிக்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டு விநாடி காட்டி இலை நிறம் மாறினால் போதும், உள்ளே செல்கள் வெடித்திருக்கும். காய்ந்த புல்லும் மூடாக்கும் உள்ள இடத்தில் அதை எடுக்கவே கூடாது.

களைக்கொல்லி

இதைப் பற்றிப் பேசினாலே ஒரு பக்கம் "விஷம், தொடாதே" என்றும் மறுபக்கம் "ஒரு தடவை அடி, பிரச்சினை தீர்ந்தது" என்றும் சொல்வார்கள். இரண்டையும் வைத்து முடிவெடுக்க முடியாது, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தானே விளங்கும்.

கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி 1974ல் விற்பனைக்கு வந்தது. இலை வழியாகப் போய் வேர்வரை இறங்கும், தொட்ட எந்தப் பச்சைச் செடியையும் கொல்லும், புல்லா ரோஜாவா என்று பார்க்காது. மண்ணில் கிடக்கும் விதைகளை எதுவும் செய்யாது, அதனால் ஒரு பாத்தியை அடித்துச் சுத்தமாக்கினாலும் அடுத்த மழைக்குப் புதிதாக முளைக்கும். செடி நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது அடித்தால்தான் கீழே இறங்கும், வாடிக் கிடக்கும்போது அடிப்பது வீண். உடல்நலம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்ற பிரிவில் சேர்த்தது, அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை, ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் மேலும் பத்து ஆண்டுக்கு அனுமதியைப் புதுப்பித்தது. நான் எடுத்துக்கொண்ட நிலை: காற்றில் தெளிக்கும் முறையை வீட்டுத் தோட்டத்தில் விட்டுவிடுவது, வேறு வழியே இல்லாத புதருக்கு வெட்டிய கட்டையில் மட்டும் பிரஷ்ஷால் தடவுவது.

2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி அகன்ற இலைக் களைகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும், அதனால் புல்வெளிக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் காற்றோடு போன சாரலும் ஆவியும்கூடத் தக்காளி, திராட்சை, பருத்தி இலைகளை முறுக்கிவிடும், அது உங்கள் தோட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முளைக்கு முன் போடும் மருந்துகள், பென்டிமெத்தலின் போன்றவை, முளைத்து வரும் வேரைத் தடுப்பவை. நிற்கும் களையை ஒன்றும் செய்யாது, நீங்கள் விதைக்கும் விதையையும் விடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி பற்றி ஒரே ஒரு வரி: அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது, சில மிடறு உயிரைக் குடித்துவிடும், பல நாடுகளில் தடை செய்திருக்கிறார்கள், வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

நீங்கள் மருந்தே வாங்காவிட்டாலும் களைக்கொல்லி தோட்டத்துக்குள் வரும் ஒரு வழி இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் சில மருந்துகள், அமினோபைரலிட், கிளோபைரலிட் போன்றவை, புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சாணத்தோடு வெளியே வந்து எருவிலும் தங்கிவிடும். ஒரு வருடம் வெளியிலிருந்து வந்த எருவைப் போட்டபிறகு என் தக்காளியின் நுனி இலையெல்லாம் பெரணி இலை மாதிரி சுருண்டுபோனது, நோய் என்று நினைத்து எத்தனையோ வைத்தியம் பார்த்தேன். இப்போது எரு வந்தால் முதலில் இரண்டு தொட்டியில் அதையும் இரண்டு தொட்டியில் நம் மண்ணையும் போட்டு, நாலிலும் அவரையோ பட்டாணியோ விதைத்து மூன்று வாரம் பார்க்கிறேன். எருத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம் மாதிரி குவிந்து வந்தால் அது பாத்திக்குப் போகாது.

ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு முடிவு

கோரைக்கு நான் சொல்லும் வழி நீளமானது, ஆனால் அதுதான் எனக்கு வேலை செய்தது. உலகின் மிகக் கெட்ட களை என்று நிபுணர்கள் முதலிடத்தில் வைத்தது அதைத்தான், ஒரு வாரத்தில் போகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வறண்ட காலத்தில் பாத்தியைக் காலி செய்து, ஃபோர்க்கால் (மண்வெட்டி வேண்டாம், கிழங்கை வெட்டும்) ஒரு சாண் ஆழத்துக்கு நெம்பி, கிடைத்த கிழங்கையெல்லாம் பொறுக்கி, கண்ணுக்குத் தப்பியதை வெயிலில் காயவிடுங்கள். பெரும்பாலான கிழங்குகள் மேல் பதினைந்து சென்டிமீட்டரில்தான் இருக்கும், உலர்ந்தால் சாகும், ஈரமாக இருக்கும்வரை பிழைத்திருக்கும். அதன்பிறகு முளைத்து வருவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் எடுக்க வேண்டும். சுமார் மூன்று வாரம் விட்டால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும், அதற்குள் எடுத்தால் கிழங்கின் சேமிப்பு மட்டும் கரையும், புதிதாக எதுவும் சேராது. கூடவே நிழல். கோரை வெயில்பிரியர், நிழலில் சுருங்கிவிடும். சர்க்கரைவள்ளிக் கொடியையோ தட்டைப்பயறையோ நெருக்கமாக விட்டு மண் தெரியாமல் மூடினால், நீங்கள் பாதி வேலையைச் செய்தால் மீதியைக் கொடி பார்த்துக்கொள்ளும். ஒன்றரை வருடத்தில் என் பாத்தியில் வாரத்துக்கு இரண்டு மூன்று முளை என்ற அளவுக்கு வந்தது, அதைக் கையால் சமாளிக்கலாம்.

அருகம்புல்லுக்கும் நிழல் ஆகாது. வெயில் காலத்தில் ஓடுதண்டைக் கிளறி மேலே போட்டுக் காயவைப்பதும், பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குத் தகடோ கல்லோ புதைத்து எல்லை போடுவதும் பலன் தரும். எல்லை இல்லாமல் உள்ளே மட்டும் சுத்தம் செய்தால் ஒரு மழைக்காலத்தில் பழைய கதை.

பார்த்தீனியத்துக்கு ஒரே விதி, பூப்பதற்கு முன் பிடுங்குவது. மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வந்துவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், முளைத்த ஒன்றிரண்டு மாதத்திலேயே பூக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடாதீர்கள், பூத்துவிட்டதென்றால் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் முதல் நாளில் வராவிட்டாலும், திரும்பத் திரும்பத் தொடுபவர்களுக்கு ஒருநாள் வந்துவிடும், வந்தால் லேசில் விடாது.

உண்ணிச்செடியை அழகுக்காகத்தான் உலகமெல்லாம் கொண்டுபோனார்கள், பறவை பழத்தைத் தின்று எச்சமிட்டு மீதியைச் செய்தது. தரைக்கு மேலே வெட்டினால் வேர்க்கழுத்திலிருந்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்திலிருந்து, தழைக்கும். அதனால் தண்டைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் பறித்து, வேர்க்கழுத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே முக்கிய வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும், மறுபடி வேர் பிடிக்காது. கடப்பாரை இறங்காத சுவர் இடுக்கில் நிற்கும் கட்டைக்குத்தான் நான் மேலே சொன்ன பிரஷ் வேலை. வெட்டிய சில நிமிடங்களுக்குள் தடவ வேண்டும், அரைமணி விட்டால் வெட்டுவாய் காய்ந்து மருந்து உள்ளே போகாது.

குளத்தொட்டியில் ஆகாயத்தாமரை இருந்தால் வாரி எடுப்பது ஒன்றே வழி. சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும், ஆகவே ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எடுக்க வேண்டும். மருந்தடித்தால் செத்த செடி நீரிலேயே அழுகி ஆக்ஸிஜனைத் தின்று மீன்களைக் கொன்றுவிடும். வேண்டாம் என்று ஆனபின் பக்கத்து ஏரியிலோ வாய்க்காலிலோ போட்டுவிடாதீர்கள், அது அங்கே செய்வதை எந்த மூடாக்காலும் சரிசெய்ய முடியாது.

பிடுங்கியதை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் கோட்டைவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். பூக்காத இளம் களையை அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடலாம். விதை பிடித்தது என்றால், உள்ளே கைவைக்க முடியாத அளவு சூடேறும் உரக்குவியலில் மட்டும் சேர்க்கலாம், அதாவது 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்று, புரட்டிப் புரட்டி எல்லாப் பகுதியும் அந்தச் சூட்டைப் பார்க்க வேண்டும். சமையலறைக் கழிவு போட்டு மெதுவாக மக்கும் தொட்டி அந்தச் சூட்டுக்கு வராது. கோரைக்கிழங்கையும் அருகம்புல் ஓடுதண்டையும் நான் எந்த உரக்குவியலிலும் போடுவதில்லை. மூடியுள்ள ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி, அவற்றை அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிடுவேன். ஒன்றிரண்டு மாதத்தில் நாற்றமெடுத்துக் குழைந்துவிடும், கிழங்கு ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பேன், உள்ளே இன்னும் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் மூடியைத் திரும்ப மூடிவிடுவேன், கருத்துக் கூழாகியிருந்தால்தான் வாளி காலியாகும்.